ஒன்பது சிவப்புக் கோடுகள்

பால் பார்க்கச் செஞ்சிக்குப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் நம்பவில்லை. நான் கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். பதினான்கு வருடமாக இதே வேலை. இந்தக் குணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே யாராவது தன்னிடம் சொல்லியிருக்கலாம் என்று என் கணவர் அடிக்கடி சொல்வார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு தனியார் பால் கம்பெனிக்காக நாங்கள் ஒரு மென்பொருள் செய்து கொடுத்தோம். கிராமத்துப் பால் நிலையத்தில் இருக்கும் சோதனை மிஷினோடு அது இணைந்திருக்கும். ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்த பாலை மிஷின் குழாய் வழியாக உறிஞ்சி, கொழுப்பு எவ்வளவு, மற்ற சத்து எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும். எங்கள் மென்பொருள் அதை வாங்கித் திரையில் பச்சை அல்லது சிவப்பு காட்டும். சிவப்பு வந்தாலும் பாலை வாங்கிக்கொள்வார்கள், விலைதான் குறையும். காலைக் கணக்கு தனி, மாலைக் கணக்கு தனி. பத்து நாள் காலை தொடர்ந்து சிவப்பு வந்தால் அந்த உறுப்பினரின் அட்டை தானாகப் பூட்டிக்கொள்ளும். பிறகு அவர் அங்கே பால் ஊற்ற முடியாது. இதையெல்லாம் சோதித்துவிட்டு ‘பாஸ்’ என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து, புது மிஷின் வைத்த நாள் முதல் ஆறு நாளாகத் தினமும் ஒரே புகார் வந்துகொண்டிருந்தது. அதே குரல், அதே வாசகம்: “உங்க மிஷினு பொய் சொல்லுது.” எங்கள் உதவி மையத்துப் பிள்ளைகள் ஆறு முறையும் ‘வாடிக்கையாளர் பாலில் தண்ணீர் கலக்கிறார்’ என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார்கள். ஆறாவது புகார் எப்படியோ எங்கள் மேலாளரின் கண்ணில் பட்டது. “கையெழுத்து உங்களுதுங்க. நீங்களே ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருங்க” என்றார்.

திங்கட்கிழமை மதியம் செஞ்சியில் இறங்கினேன். எங்கள் ஊரில் மலை என்றால் பச்சையாக, மேகத்தோடு, தூரத்தில் மரியாதையாக நிற்கும். இங்கே மலை என்பது யாரோ டிப்பர் லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன பாறைக் குவியல். அதன் உச்சியில் ஒரு கோட்டை. ஒன்றல்ல, திரும்பிய பக்கமெல்லாம் கோட்டை. பேருந்து நிலையத்தில் நின்றவர்களில் ஒருவர்கூட அதை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றதால் வெளியூர்க்காரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

தள்ளுவண்டியில் ஒரு அம்மா வேகவைத்த கடலை விற்றுக்கொண்டிருந்தார். “கடலக்காய் குடுங்க” என்றேன். “எதும்மா?” என்றார். கையைக் காட்டினேன். “மல்லாட்டயா? அப்டிச் சொல்லு” என்று அளந்து போட்டார். உப்புப் போட்டு வேகவைத்திருந்தது. எங்கள் பக்கம் பிஞ்சாக இருந்தால் இனிக்கும், இது முற்றியிருந்தும் இனித்தது. பசியில் இருந்ததால் என் தீர்ப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிராமம் சிங்கவரம் போகிற பாதையில் இருந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டியவர் காதர் பாய். நாலு பேர் ஏறி உட்கார்ந்த பிறகு, மூன்று பேரை இறங்கித் தள்ளச் சொன்னார். எல்லோரும் ஒன்றும் கேட்காமல் இறங்கித் தள்ளினார்கள். பையோடு நானும் தள்ளினேன்.

“பிரேக்காவது பிடிக்குமாங்க?” என்று கேட்டேன்.

“பிரேக்கு பக்காம்மா. ஸ்டார்ட்டிங்கு மட்டுந்தான் பிராப்ளம். இந்த ரூட்ல எல்லாருக்கும் தெரியும்.”

எங்கள் தொழிலில் இதற்குத் தெரிந்த குறை என்று பெயர். குறை இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதற்குத் தக்கபடி நடந்துகொள்வார்கள், காரியம் ஓடும். தெரியாத குறைதான் ஆளைக் கவிழ்க்கும்.

பால் நிலையம் ஒரே அறை. முன்னால் சிமெண்ட் போட்ட சின்ன முற்றம். பொறுப்பாளர் ஏழுமலைக்கு ஐம்பது வயது இருக்கும். நான் யார் என்று சொன்னதும் சிரித்தார். “நானும் டெஸ்டர்தாம்மா. இருவது வருஷமா பால் டெஸ்ட் பண்றேன். மொதல்ல கண்ணாடிக் குழாய வெச்சி, இப்போ மிஷின வெச்சி.”

சுவரில் தினசரிப் பட்டியல்கள் ஒட்டியிருந்தன. மிஷின் அச்சடித்துத் தருவதில் சிவப்பு விழுந்தவர்களின் பெயருக்கு அடியில் ஏழுமலை சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போடுவாராம். யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை, அவராகவே ஆரம்பித்த பழக்கம். ஏழு காலைப் பட்டியல், ஏழு கோடு. ஏழும் ஒரே பெயருக்கு அடியில். அஞ்சலை.

“அந்தம்மா நல்ல பொம்பளதான்” என்றார் ஏழுமலை. “ஆனா காலைல மட்டும் தண்ணி ஊத்துது. சாயங்காலம் ஊத்தல. இன்னா கணக்குன்னே புரியல. இன்னும் மூணு நாளு, கார்டு பூட்டிக்கும்.”

மாலையில் அஞ்சலை வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வரிசையில் ஆறாவது ஆளாக நின்று ஊற்றினார். பச்சை. என்னிடம் வந்தார்.

“கோயமுத்தூரா? போன எடுத்து சரிங்கம்மா சரிங்கம்மான்னு சொல்ற பொண்ணு நீதானா?”

“அது நானில்லீங்க. நான் மிஷின் சரியாச் சொல்லுதான்னு சோதிக்கறவ.”

“அப்போ சோதி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கே நிலையத்தில் இருந்தேன். செஞ்சி லாட்ஜிலிருந்து கிளம்பும்போது காதர் பாயின் ஆட்டோவைத் தள்ள நானும் அவரும் மட்டும் இருந்தோம். அதைப் பற்றி விரிவாக எழுத விரும்பவில்லை.

ஏழுமலை சுத்தக்காரர். ராத்திரியில் குழாய்க்குள் எறும்பு போயிருக்கும் என்று காலையில் முதல் வேலையாக மிஷினுக்குள் வெந்நீர் விட்டுக் கழுவினார். மாலையில் அதைச் செய்யவில்லை. வெளியே பதினைந்து பேர் பாத்திரத்தோடு காத்திருந்தார்கள். மிஷின் தயார், ஏழுமலை தயார், யாரும் ஊற்றவில்லை.

“எதுக்குங்க நிக்கறாங்க?”

“அஞ்சலம்மா வரணும். அவங்கதான் போணி.”

கடைகளில் அன்றைய முதல் வியாபாரத்துக்குப் போணி என்பார்கள், எங்கள் ஊரிலும் உண்டு. நல்ல கைராசி உள்ளவர் போணி செய்தால் நாள் முழுக்க வியாபாரம் ஓடும் என்று நம்பிக்கை. பால் நிலையத்துக்கும் அது உண்டு என்பது எனக்குப் புதிது. மாலையில் கிடையாது. காலையில் முதல் பால் அஞ்சலையின் கையால்தான் விழ வேண்டும்.

“தண்ணி கலக்கறாங்கன்னு நீங்கதானே கோடு போடறீங்க?” என்று கேட்டேன்.

ஏழுமலை கொஞ்சமும் சங்கடப்படவில்லை. “தண்ணி ஊத்துனாலும் கைராசி கைராசிதானேம்மா. முன்ன ஒரு நாளு அந்தம்மா வரல. ரெண்டு கேன் பாலு திரிஞ்சி போச்சி.”

அஞ்சலை வந்தார். வரிசை விலகி வழிவிட்டது. முதல் ஆளாக ஊற்றினார். சிவப்பு. ஏழுமலை பேனாவை எடுத்தார். பின்னால் நின்ற பதினைந்து பேரும் பச்சை. அஞ்சலை யாரையும் பார்க்காமல் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எட்டாவது கோடு.

பின்னாலேயே போனேன். அவர் நின்றார்.

“போன வாரம் பக்கத்து நெலத்துல மல்லாட்ட வெதச்சாங்க. வருஷா வருஷம் மொத வெத நாந்தான் போடுவேன். இந்த வாட்டி என்னக் கூப்டல” என்றார். “கார்டு போனா போவுது, டவுன்ல வேற எடத்துல ஊத்திக்குவேன். இந்த ஊர்ல தண்ணி ஊத்தனவன்னு பேரு ஆயிட்டா அத எங்க கொண்டு போயி மாத்துறது?”

“காலைல கொஞ்சம் பின்னாடி நின்னு ஊத்திப் பாருங்களேன்.”

“பயந்துகிட்டு ஒதுங்கிட்டான்னு சொல்லுவாங்க. நான் எதுக்கு ஒதுங்கணும்?”

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஆனால் ஒருவரைப் பிடித்துவிட்டதால் அவர் சொல்வது உண்மை என்று எடுத்துக்கொண்டால் என் வேலை கெட்டது. நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்: ஒன்று சரியாக இருக்கிறது என்று நிரூபிக்கக் கிளம்பக் கூடாது, அது எங்கே தப்பும் என்று தேட வேண்டும். சலிக்காமல் தேடியும் தப்பு கிடைக்கவில்லை என்றால், தேடிய அளவுக்கு மட்டும் அதை நம்பலாம். விஞ்ஞானிகள் செய்வதும் இதுதான். அவர்களுக்கு வெள்ளைக் கோட்டு உண்டு, எங்களுக்கு இல்லை.

மதியம் டவுனில் ஒரு சின்னக் கடையில் பிரியாணி சாப்பிட்டேன். கத்திரிக்காய்த் தொக்கை மட்டும் மூன்று முறை கேட்டு வாங்கினேன். பிறகு ராஜகிரிக் கோட்டை ஏறினேன். பாதி வழியில் ஒரு குரங்கு என் தண்ணீர்ப் பாட்டிலைப் பிடுங்கி, மூடியைத் திருகித் திறந்து, குடித்துவிட்டு, பாட்டிலை என் பக்கமே போட்டது. உச்சிக்குப் போகிற இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம் இருக்கிறது. அதன் மேல் ஒரு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக முடியாது. அங்கே நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இந்தக் கோட்டையைக் கட்டியவர்களோடு யாரோ ஒருவர் கூடவே நடந்திருக்க வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் “எதிரி இந்தப் பக்கம் வந்தால்?” என்று கேட்டு எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டு. அவர் எங்கள் ஜாதி.

இறங்கும்போது காரணங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். அஞ்சலை உண்மையிலேயே தண்ணீர் கலக்கலாம். பாத்திரத்தில் கழுவிய தண்ணீர் தங்கலாம். மாட்டுக்குக் காலையில் ஏதோ கோளாறு இருக்கலாம். எங்கள் மென்பொருள் அவருடைய உறுப்பினர் எண்ணைத் தப்பாகக் கையாளலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. ஒவ்வொன்றாகத்தான் தள்ள வேண்டும், கையில் இருப்பதோ இரண்டு காலை.

மாலை அஞ்சலையின் வீட்டுக்குப் போய்க் கேட்டேன், நாளைக் காலை பால் கறப்பதிலிருந்து நிலையம் வரை நான் கூடவே இருக்கலாமா என்று. அவர் முகம் கறுத்தது.

“நீயும் சந்தேகப்படறியா?”

“உங்களை மட்டும் இல்லீங்க. மிஷினையும், ஏழுமலையையும், என்னையும் சேத்துத்தான். உங்க மேல சந்தேகம் போகணும்னா நான் கண்ணால பாத்திருக்கோணும்.”

“அஞ்சு மணிக்கு வா” என்றார்.

புதன்கிழமை காதர் பாய் வரவில்லை. ஆட்டோ கடைசியில் படுத்துவிட்டதாம். ஒரு பால்காரரின் மொபெட்டில், இரண்டு பக்கமும் காலி கேன் ஆட, நடுவில் நான் ஒட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்திலும் கேன்கள் என் முட்டியைத் தட்டின. “கெட்டியா புட்சிக்கோம்மா, கேன் உழுந்தா முதலாளி திட்டுவான்” என்றார். நான் விழுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அஞ்சலைக்கு இரண்டு மாடு. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் அதைத் துணியால் உள்ளே துடைத்துக் கொடுத்தேன். கறந்து முடித்ததும் மூடினார். இருநூறு அடி நடை, என் கண் பாத்திரத்தை விட்டு நகரவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். நிலையத்தில் முதல் ஆளாக ஊற்றினார்.

சிவப்பு.

ஏழுமலை ஒன்பதாவது கோடு போட்டார். அஞ்சலை என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“அவங்க பால் வெச்ச அந்தக் கிண்ணத்தை அப்படியே தனியா எடுத்து வெச்சிருங்க” என்று ஏழுமலையிடம் சொன்னேன். வரிசை முழுவதும் ஊற்றி முடித்த பிறகு அந்தக் கிண்ணத்தை மறுபடி மிஷினில் வைக்கச் சொன்னேன்.

பச்சை.

அதே பால், அதே கிண்ணம், அதே மிஷின். முக்கால் மணி நேரத்துக்கு முன் சிவப்பு, இப்போது பச்சை. உறுப்பினர் எண்ணும் மாறவில்லை. ஏழுமலை திரையைத் துடைத்துப் பார்த்தார். “அப்போ சூடா இருந்துச்சி. இப்போ ஆறிப்போச்சி. அதான்” என்றார். நல்ல யோசனை, இருக்கலாம். ஆனால் எனக்கு இன்னொன்று தோன்றியது. முதலில் ஊற்றியதுதான் குற்றமா?

அதைக் கண்டுபிடிக்க வேறு யாராவது முதலில் ஊற்ற வேண்டும். காலையில் அதற்கு ஏழுமலை சம்மதிக்க மாட்டார், அஞ்சலையும் சம்மதிக்க மாட்டார். மாலையில் போணி இல்லையே என்று சட்டென்று புத்தியில் பட்டது.

“ஏனுங்க, உங்க வீட்ல மாடு இருக்குதுங்களா?” என்று ஏழுமலையிடம் கேட்டேன்.

“எருமை இருக்குது. இன்னாத்துக்கு?”

மாலை நாலு மணிக்கு, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், ஏழுமலை தன் வீட்டு எருமைப் பாலைக் கொண்டுவந்தார். ஆறவைத்த பால். அவர் கையாலேயே காலை மாதிரி வெந்நீர் விட்டு மிஷினைக் கழுவச் சொன்னேன். எருமைப் பாலுக்கு உரிய பொத்தானை அமுக்கினார். ஒரே பாலை ஐந்து கிண்ணத்தில் ஊற்றி வரிசையாக வைத்தோம். முதல் கிண்ணம் சிவப்பு. இரண்டாவது பச்சை, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது எல்லாம் பச்சை.

“இன்னொரு வாட்டி” என்றேன். கழுவினோம். முதல் கிண்ணம் சிவப்பு. கழுவாமல் ஐந்து வைத்தோம், ஐந்தும் பச்சை. மறுபடி கழுவினோம், மறுபடி முதல் கிண்ணம் சிவப்பு. ஒரு தடவை நடந்தால் அது சம்பவம், சொன்னபடி திரும்பத் திரும்ப நடந்தால்தான் காரணம்.

ஏழுமலை சத்தமில்லாமல் கேட்டார், “அப்போ நான் கழுவுற தண்ணியாம்மா?”

ஆமாம். கழுவிய வெந்நீர் குழாயில் கொஞ்சம் தங்குகிறது. முதல் கிண்ணத்துப் பாலோடு அது கலக்கிறது. வேறு எந்த ஊராக இருந்தாலும் தினமும் ஒவ்வொருவர் முதலில் வந்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு சிவப்பு விழுந்து யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இங்கே மரியாதை கொடுத்துத் தினமும் ஒரே ஆளை முதலில் நிறுத்தினார்கள். சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் கழுவினார்கள். இரண்டும் நல்ல காரியம், சேர்ந்து ஒரு பெண்ணைத் தண்ணீர் கலக்கிறவள் ஆக்கிவிட்டன.

பிறகுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. கோயம்புத்தூரில் நாங்கள் சோதித்தபோது, தினமும் மிஷினைப் போட்டதும் ஒரு கிண்ணம் பாலைச் ‘சும்மா’ விடுவோம். மிஷின் தூக்கம் கலையட்டும் என்று சிரித்துக்கொண்டே செய்வோம். அந்த முதல் அளவை யாரும் குறித்ததில்லை. சோதனைக் குறிப்பில் அப்படி ஒன்று செய்கிறோம் என்றே நான் எழுதவில்லை. என் கைப்பழக்கம் இந்த ஊர்க்காரர்களிடம் இல்லை என்பதை நான் யோசிக்கவே இல்லை. அளந்ததை எல்லாம் எழுதிவிட்டு அளக்காமல் விட்டதை எழுதாதவள் என்ன டெஸ்டர்.

மாலை வரிசையில் அஞ்சலை வந்ததும் சொன்னேன். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார், “காலைல சரியா இருக்குமா?”

“இருக்குங்க” என்றேன்.

மென்பொருளை எழுதிய கோபியைக் கூப்பிட்டேன். கழுவிய பிறகு வருகிற முதல் கிண்ணத்தைக் கணக்கில் சேர்க்காதே என்று விளக்கினேன். “விடுங்கக்கா, விடியறதுக்குள்ள முடிச்சர்றேன்” என்றான். எனக்குக் களைப்பு. என்ன மாற்றினாய் என்று கேட்காமல் படுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை, பத்தாவது காலை. சிவப்பு விழுந்தால் பூட்டு. செய்தி பரவி வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆள் நின்றார்கள். அஞ்சலை முதலில் ஊற்றினார். பச்சை. எனக்கு உயிர் வந்தது. ஏழுமலை கைதட்டப் போனார்.

வரிசையில் ஒருவர் சொன்னது நன்றாகவே கேட்டது. “மேடம் கோயமுத்தூருக்குப் போன் போட்டுச்சி, பச்ச ஆயிடுச்சி. அவ்ளோதான்.”

அஞ்சலை திரும்பிப் பார்த்தார். பேசியவரை அல்ல, திரையை. பிறகு நிலையத்தில் கை கழுவ வைத்திருந்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டார்.

“என் பால்லேர்ந்து ஒரு லிட்டரு தனியா குடு” என்றார் ஏழுமலையிடம். அதைத் தன் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டதும், எல்லோர் முன்னாலும் அந்தத் தண்ணீரை அதில் ஊற்றினார். “இத வெச்சிப் பாரு.”

ஏழுமலை வைத்தார். பச்சை.



“நேத்து வரைக்கும் தண்ணி ஊத்தாத பால தண்ணி ஊத்துன பாலுன்னு சொல்லிச்சி” என்றார் அஞ்சலை. “இன்னிக்கி தண்ணி ஊத்துன பால நல்ல பாலுன்னு சொல்லுது. அப்போ இந்தப் பச்சய வெச்சிகிட்டு நான் இன்னா பண்றது?”

பதினான்கு வருட டெஸ்டர் நான், நல்லது நல்லது என்று வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக நின்றேன். கெட்டது கெட்டது என்று வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. கோபியைக் கூப்பிட்டேன். அவன் குழைந்தான். முதல் கிண்ணத்தைத் தள்ளுவதற்கு நேரம் போதவில்லையாம், அதனால் தண்ணீர் அளவின் எல்லையையே தூக்கிவிட்டானாம். “இப்போதைக்கு யாருக்கும் சிவப்பு வராதுங்கக்கா” என்றான்.

“எல்லையைப் பழையபடி வை. நான் சொன்னதைச் செய். இங்க பால் வெச்சுட்டு நிக்கறாங்க” என்றேன். இவ்வளவு கடுமையாக அவனிடம் பேசியதில்லை.

அரை மணி நேரம் ஆனது. வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. பால் கெட்டுவிடும் என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஆனால் யாரும் போகவில்லை. நான் அஞ்சலையிடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். “மென்பொருளை மாத்துனதுல, பச்சை வந்த பதிவு அழிஞ்சு போச்சுங்க. இப்ப மறுபடியும் முதல்ல இருந்து வெக்கோணும். ஏதாவது தப்பாப் போனா இது பத்தாவது சிவப்பு. உடனே பூட்டிக்கும், எங்களாலயும் சீக்கிரம் திறக்க முடியாது. வேணும்னா உங்களதை இன்னைக்கு விட்டறலாம்.”

“பூட்டிகிட்டா பூட்டிக்கட்டும். வெய்” என்றார்.

ஏழுமலை மிஷினைக் கழுவினார். பிறகு தன் எருமைப் பாலில் ஒரு கிண்ணம் வைத்தார். திரையில் பச்சையும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை, ‘கழுவல்’ என்று மட்டும் வந்தது. அந்தப் பாலைக் கீழே கொட்டினார். அடுத்து அஞ்சலையின் தண்ணீர் ஊற்றாத பால்.

பச்சை.

“இன்னும் முடியல” என்றார் அஞ்சலை. தண்ணீர் கலந்த கிண்ணத்தை அவரே எடுத்து வைத்தார். ஏழுமலை அதை யார் பெயரிலும் பதியாமல் சோதனைப் பொத்தானை அமுக்கினார்.

சிவப்பு. ‘நீர் கலப்பு’ என்று எழுத்தும் வந்தது.

அந்தச் சிவப்பைப் பார்த்து அஞ்சலை சிரித்தார். நான்கு நாளில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். வரிசையில் பேசிய ஆள் தலையைக் குனிந்துகொண்டு பாத்திரத்தின் மூடியைச் சரி செய்தார். ஏழுமலை எழுந்து போய்ச் சுவரில் இருந்த ஒன்பது பட்டியல்களையும் கிழித்தார். கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

தண்ணீர் ஊற்றிய அந்த ஒரு லிட்டர் மேசையில் இருந்தது. அதற்காவது ஒரு வழி செய்யலாம் என்று நினைத்தாரோ என்னவோ, கேனின் மூடியைத் திறந்தார்.

“இதுல ஊத்திடு அஞ்சல. ஒரு டம்ளர் தண்ணிதானே, இத்தினி பால்ல யாருக்குத் தெரியப் போவுது?”

“மிஷினுக்கு வேணும்னா தெரியாம போவும். ஊத்துனது என் கையி” என்று சொல்லி, அஞ்சலை அந்தப் பாத்திரத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். காத்திருந்தவர்கள் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டார்கள்.